ஏழு வயதுக்கு லீவு இல்லை

"பிரசவ லீவுன்னா பிரசவம் ஆகியிருக்கணும்ல?" என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார் மேனேஜர்.

எதிரே நின்ற காலர் தைக்கும் பெண் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரும் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் சிரிக்காததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு மெஷின் ஓடும் அந்தத் தையல் லைனில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். லீவு என்று வாயைத் திறந்தால் பாதி வாக்கியத்திலேயே வெட்டிவிடுவாள். தலைவலி, வயிற்றுவலி, நாத்தனார் கல்யாணம், எதுவும் அவளிடம் செல்லாது.

அவளையும் உள்ளே வரச் சொன்னது மேனேஜர்தான். இரண்டு பேராகச் சேர்ந்து இல்லையென்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார்.

காலர் பெண்ணும் அவள் கணவனும் பத்து வருடம் பார்த்துவிட்டு, கடைசியில் காப்பகத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இவள் கேட்டது ஒரு மாத லீவு.

மேனேஜர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தத்தெடுத்தவர்களுக்கும் லீவு உண்டு. ஆனால் குழந்தை ஒரு வயதுக்குள் இருக்க வேண்டும்.

"இதுக்கு ஏழு வயசு. தானா பல் தேய்க்குது, தானா சாப்பிடுது. அப்புறம் வீட்டுல எதுக்கு ஒரு ஆள்? தொட்டில் ஆட்டவா?"

குழந்தை ஒரு நிமிடம்கூடத் தன்னை விட்டு நகர்வதில்லை, தான் குளிக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு "இருக்கீங்களா? இருக்கீங்களா?" என்று கேட்டபடியே இருக்கிறது, இன்னும் அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது காலர் பெண் ஒத்திகை பார்த்திருந்தாள். 

"பின்னாடியே வர்றா சார்," என்று மட்டும் சொன்னாள்.

"நாலு நாள்ல சரியாயிடும்மா. உங்களுக்கு நல்ல மனசு. பெரிய புண்ணியம்." மேனேஜர் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். கத்தரிதான் வாங்கினாள்.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

புண்ணியமாம். அதை வாரி வழங்க மட்டும் வயது வரம்பு கிடையாது போலிருக்கிறது. போன மாதம் இதே மேனேஜர், காப்பகத்துப் பிள்ளைகளுக்குக் கம்பெனி சட்டை கொடுக்கிறது என்று வாசலில் பேனர் கட்டி, அதற்குக் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சட்டைகளில் பாதி, பட்டன் கோணலாகிப்போய்க் கழித்துக் கட்டியவை. கழித்தவள் இவளேதான்.

விண்ணப்பத்தை மேஜைமேல் ஒரு போடு போட்டாள். டீ கிளாஸ் குலுங்கியது.

"எழுதுங்க சார்."

"எங்கேக்கா எழுதறது? விதியிலயே இடமில்லையே. வேணும்னா உடம்பு சரியில்லைன்னு நாலு நாள் போட்டுத் தர்றேன்."

"யாருக்கு உடம்பு சரியில்லை? வீட்டுக்குப் பிள்ளை வந்திருக்கு சார், வியாதி வரலை. பிள்ளை வந்திருக்குன்னு எழுதுங்க."

அந்தக் குரல் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போயிற்று. வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கத்தரி ஒருத்திக்காக லீவு கேட்கிறாள் என்றால், அந்த அதிசயத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டாமா?

மேனேஜர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இருபத்தொரு முகங்கள் அவரைப் பார்த்தன. சரக்கு நாளை மறுநாள் கிளம்பியாக வேண்டும்.

பேனாவை எடுத்தார். ஒரு மாதம் கொடுக்க மனம் வரவில்லை. பதினைந்து நாள் கொடுத்தார். அதையும் தன் வீட்டுச் சொத்தை எழுதிவைப்பவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் மட்டும் அவள் சொன்னதை அப்படியே எழுதினார்.

"மிச்சத்துக்கு மறுபடி வருவேன் சார்," என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரி வெளியே வந்தாள்.

காலர் பெண்ணுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு ஏன்க்கா இவ்வளவு கோபம்?"

"நின்னு பேசிட்டிருக்காதே. கிளம்பு. உன் மெஷினை நான் பாத்துக்கறேன்."

அவள் போன பிறகு கத்தரி காலர் மெஷினில் உட்கார்ந்தாள். கோபம் இன்னும் விரல் நுனியில் இருந்தது. ஊசியில் நூல் கோக்க மூன்று முறை ஆயிற்று.

அவள் யாரிடமும் சொல்லாத பகல் ஒன்று உண்டு. நாற்பத்தைந்து வருடம் ஆகிறது; அப்போது அவளுக்கும் ஏழு வயது.

புது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். புது அம்மாவுக்கும் லீவு கிடைக்கவில்லை. "சாயங்காலம் வந்துடுவேன்" என்று கன்னத்தைத் தடவிவிட்டு வேலைக்குப் போனாள். சொன்னபடி ஐந்தரைக்கெல்லாம் திரும்பியும் விட்டாள். ஆனால் ஐந்தரை வரைக்கும் ஒரு பகல் இருந்ததே!

இதற்கு முன் அவளைத் தத்தெடுத்த வீட்டிலும் வந்துவிடுவோம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தது காப்பகத்து ஆள்.

ஏழு வயதுக்காரி அழவில்லை. புது அம்மா வாங்கித் தந்த பூப்போட்ட கவுனைக் கழற்றினாள். மடிப்புக் கலையாமல் மடித்து நாற்காலியில் வைத்தாள். காப்பகத்திலிருந்து போட்டுக்கொண்டு வந்த பழைய கவுனை மாட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.

கூட்டிக்கொண்டு போக ஆள் வரும்போது, எதையோ எடுத்துக்கொண்டு போகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.