தினம் மூணு டின்

“தலையை ஆட்டாதீங்க சார். என் கையும் ஆடி, உங்க தலையும் ஆடினா அப்புறம் நான் பொறுப்பில்ல.”

அதற்குப் பிறகு ஜிம் மாஸ்டருக்கு மூச்சு விடுவதற்கே யோசனையாக இருந்தது. முகம் முழுக்க சோப்பு நுரை. கழுத்து பின்னுக்குச் சாய்ந்திருந்தது. எதிரே கண்ணாடியில், சலூன்காரர் கையிலிருந்த சவரக்கத்தி குளிர் ஜுரம் கண்டதுபோல் உதறிக்கொண்டிருந்தது.

வழக்கமாகப் போகும் கடை பூட்டிக் கிடந்ததால்தான் இங்கே நுழைந்தார். பதினொரு மணிக்கு ஜிம்முக்குப் போட்டோக்காரன் வருகிறான். கடையில் ஒரே நாற்காலி. பின்னால் பெஞ்சில் யாரோ ஒருவன் செய்தித்தாளை விரித்து, முகம் மறைய உட்கார்ந்திருந்தான். நுரை காயக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டிருந்தார் சலூன்காரர். புழுக்கம். பேப்பர் சலசலப்பது மட்டும் கேட்டது.

“கைக்கு என்னங்க ஆச்சு?” என்றார் மாஸ்டர், உதடு அசையாமல்.

“மீன்.”

“முள்ளு குத்திடுச்சா?”

“டின் மீன், மாஸ்டர். பெரிய சூரை மீன். தினம் மூணு டின். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, எக்சர்சைஸ் முடிச்சதும் ஒண்ணு. நாலு மாசம்! உங்க ஜிம் சுவத்துல ஒரு ஜோடித் தோளைப் படம் போட்டு, பக்கத்துல ஆளுயரத்துக்கு எழுதி வெச்சிருக்கீங்களே, அதே கணக்குதான்.”

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஆளா இவர்? ஜிம்முக்கு முந்நூறு பேர் வந்துபோகிறார்கள். யார் முகத்தை அவர் பார்த்தார்? தோள், மார்பு, புஜம், அதோடு சரி. இருந்தாலும் மடித்துவிட்ட சட்டைக்குக் கீழே அந்தக் கைகள் ஊதுவத்தி மாதிரி இருந்தன. நம்மிடம் நாலு மாதம் பழகிய கையா இது?

“புரதம் உடம்புக்கு நல்லதுதானே...” என்று இழுத்தார்.

“யாரு இல்லேன்னா?” கத்தி காதோரம் வந்து நின்று ஆடியது. “மீன் நல்லதுதான். இதயத்துக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னாரு. மத்தி, நெத்திலின்னு சின்ன மீனா வாரத்துக்கு ரெண்டு மூணு வேளை சாப்பிட்டா யாருக்கு என்ன? பெரிய மீன் அப்படியில்ல. ஆயுசு முழுக்க சின்ன மீனைத் தின்னு தின்னு, அதுங்க உடம்புல இருந்த பாதரசத்தையெல்லாம் தன் உடம்புல சேர்த்து வெச்சிருக்கு. அதுல முந்நூத்தி அறுபது டின் உள்ள போனா? ரத்தத்துல பாதரசம்! விரல் மரத்துப்போச்சு. கத்தி பிடிக்க வேண்டிய கை, மாஸ்டர்! சோறு அள்ளினா பாதி தட்டுல, பாதி மடியில.”

“சத்தியமா எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க.”

“தெரியாது?” கத்தி தாடைக்கு இறங்கியது. “சரி, நீங்க தினம் எத்தனை டின் சாப்பிடுறீங்க?”

மாஸ்டரின் பார்வை கண்ணாடியை விட்டுக் கூரைக்குப் போனது.

“உங்களைத்தான் கேக்குறேன்.”

“முட்டை... அப்புறம் பருப்பு.”

“மீன்?”

“சின்ன மீன். வாரத்துல ரெண்டு நாள்.”

பின்னால் பேப்பர் சலசலப்பு சட்டென்று அதிகமாயிற்று.

“அடேங்கப்பா!” சலூன்காரர் குரல் கடையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. “உங்க வயித்துக்கு முட்டையும் பருப்பும், அடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு டின்னா? கேட்டா தெரியாதாம்! டின் விக்கிறவன் குடுத்த போர்டுதானே அது? ‘பெரிய மீனை அளவா சாப்பிடு’ன்னு கூட ஒரு வரி எழுத, அவ்ளோ பெரிய சுவத்துல இடமா இல்ல?”

கத்தி தொண்டைக்குழியில் வந்து தந்தியடித்தது.

“என்ன செய்யணும்? சொல்லுங்க, செஞ்சிடறேன்!”

“போனை எடுங்க.”

நுரை வழிய வழிய மாஸ்டர் ஜிம்முக்குப் பேசினார். “டேய், அந்த டின் மீன் போர்டைக் கழட்டு. இப்பவே! போட்டோக்காரன் கெடக்கான், முதல்ல கழட்டு. எல்லாருக்கும் மெசேஜ் போடு, டின்னை நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லி. ஏன்னு கேக்காதேடா, சொன்னதைச் செய்!”

போனை வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சரக். சரக். சரக். கன்னம், தாடை, கழுத்து. ஈரத்துண்டு பட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார். மெல்லத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பொட்டு ரத்தம் இல்லை.

“யோவ்! உன் கை நடுங்கவே இல்லையே!” பயம் போன இடத்தில் மாஸ்டருக்குக் கோபம் வந்து உட்கார்ந்தது. “என்னய்யா, நாடகமா ஆடுறே?”

“முப்பது வருஷமா நடுங்காத கை இது.” சலூன்காரர் நிதானமாகக் கத்தியைத் துடைத்து மடக்கினார். “எனக்கு மீனே ஆகாது மாஸ்டர், தின்னா உடம்பெல்லாம் தடிச்சிடும். இன்னிக்கு உங்களுக்கு சவரம் பண்ணியிருக்க வேண்டியது என் பையன். இந்த நாற்காலி அவனோடது.”

மின்விசிறி ஓடாத அந்தக் கடையில் பேப்பர் இன்னமும் படபடத்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு, தன் கையாலேயே போர்டில் ஒட்டிய தோள்களை மாஸ்டர் கண்ணாடியில் உடனே அடையாளம் கண்டுகொண்டார். அந்த முகத்தைத்தான் இப்போது முதல்முறையாகப் பார்த்தார்.