குப்பைத் தொட்டியில் ஒரு படகு இஞ்சின்

என் படகு இஞ்சின் கடலில் மட்டுமில்லை, சிமெண்டுத் தரையிலும் ஓடும். இப்போதைக்கு அது, ஓட்டிப் பார்ப்பதற்காக, தண்ணீர் நிரப்பிய சக்கரக் குப்பைத் தொட்டியின் விளிம்பில் தொங்குகிறது. ஐம்பது வயது இஞ்சின். ஏழு மாதமாகத் துருவைச் சுரண்டியிருக்கிறேன். கயிற்றை ஆயிரம் தடவை இழுத்தாகிவிட்டது. தோள் கழன்று கயிற்றோடு வருகிறது. எங்கள் ஊர் கெலாங் பாத்தாவின் வெயில் எண்ணெய்க் கறையில் மினுங்குகிறது. வாசலில் பழைய இரும்பு வாங்கும் லாரிக்காரர் காத்து நிற்கிறார்.

“இன்னிக்கும் ஓடலைன்னா ஏத்திடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?” என்கிறாள் மனைவி தனபாக்கியம்.

“கடைசியா ஒரு தடவை லா.”

இழுக்கிறேன். இஞ்சினைக் கியரிலிருந்து எடுத்துவிட மறந்திருக்கிறேன். இஞ்சின் இருமி, அலறி, நீலப் புகை கக்குகிறது. அடியில் சுழலும் விசிறி தண்ணீரை எங்கள்மேல் வாரியடிக்கிறது. தொட்டி குலுங்கிக் குலுங்கி, சரிவான வாசலில் உருண்டு, லாரிக்காரரைத் துரத்துகிறது. தனபாக்கியம் முகத்தில் வழியும் தண்ணீரை மெதுவாகத் துடைக்கிறாள்.

“ஓடுச்சுதான்,” என்கிறாள். “நானே பாத்தேன்.”