இரண்டாவது குளியல்

காலை ஏழு மணிக்கு யோரிஸ் மாடியில் குளித்தான். ஏழரைக்குக் கீழே இன்னொரு முறை குளித்தான். எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டான்.

வீட்டுக்காரர் டச்சுக் கோடீஸ்வரர். பெல்ஜியத்தில் வரி குறைவு என்று இங்கே குடியிருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆம்ஸ்டர்டாமிலேயே வாழ்கிறார். யாராவது சோதித்தால் தண்ணீர், மின்சார மீட்டர்கள் ஓடியிருக்க வேண்டும். அதற்குத்தான் யோரிஸுக்குச் சம்பளம்.

வாசல் மணி அடித்தது. மூன்று நாளாகத் தெருவில் நின்று இந்த வீட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்த பெண், கையில் நோட்டுடன் நின்றாள். வரி அலுவலகம்! போச்சு வேலை!

“வாங்க மேடம். இது என் வீடுதான். இப்பத்தான் குளிச்சேன்.”

“ரெண்டு தடவை” என்று சொல்லித் தும்மினாள் அவள். “ரெண்டு ஜன்னல்லயும் ஆவி அடிச்சுது. எதுக்கு சார் ரெண்டு?”

“சு... சுத்தம் மேடம்.”

அவள் நோட்டை மூடினாள்.

“நான் எதிர் பங்களாவுல குடியிருக்கிற மாதிரி காட்ட சம்பளத்துக்கு வந்தவ சார். பணக்காரங்க எப்படி வாழ்வாங்கன்னு எனக்கென்ன தெரியும்? இந்தத் தெருவுல நெஜமா குடியிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சு, உங்களப் பாத்து அப்படியே செய்யுறேன். சளி தாங்கல. நாளையிலருந்து ஒரு தடவை மட்டும் குளிங்க சார், ப்ளீஸ்!”