பீரோக் கண்ணாடியில் ஒரு பொட்டு

பழங்காநத்தத்து ஓட்டு வீட்டில், தம்பியின் செத்துப்போன மனைவி ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகளைப் பீரோக் கண்ணாடியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள் ஒச்சம்மா. நாளைக்குப் புதுப்பெண் வருகிறாள். சீமெண்ணெய் நனைத்த துணியால் தேய்க்கத் தேய்க்கப் பசை ஊறி, பொட்டுகள் தோலாக உரிகின்றன. பழைய செய்தித்தாளைக் கசக்கித் துடைத்த இடமெல்லாம் பளிச்சென்று வெயிலைத் திருப்பி அடிக்கிறது. மேலே, பெரியவர்களின் நெற்றி உயரத்தில் ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. அதன் விளிம்பில் நகத்தைக் கொடுக்கிறாள். “அத்த, அதை எடுக்காத. அது நான் ஒட்டுனது” என்கிறாள் பின்னால் நிற்கும் தம்பி மகள் தாரணி. “அம்புட்டு ஒசரம் ஒனக்கு எப்புடிடி எட்டுச்சு?” “அம்மா தூக்கிப் பிடிச்சுச்சு.” ஒச்சம்மாவின் நகம் அங்கேயே நிற்கிறது. துடைத்த கண்ணாடியின் அடியில் தாரணியின் உச்சந்தலை மட்டும் தெரிகிறது.