நடுவழியில் நின்றால்

"நடுவழியில நின்னுட்டா?"

மனைவி இப்படிக் கேட்டதும், இந்தக் காரும் போச்சு என்று நினைத்தார் டைம்கீப்பர். இதே கேள்வியில்தான் போன மாதம் ஒரு கார் கைநழுவிப் போனது. அதற்கு முந்தைய மாதம் இன்னொன்று.

பஸ் டிப்போவில் நேரம் பார்த்து விசில் ஊதி வண்டிகளைக் கிளப்பிவிடுவது அவர் வேலை. அவர் தும்மினால் தெருவில் நாலு பேர் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்தபோது அக்கம்பக்கத்துச் சேவல்கள் கூவுவதா வேண்டாமா என்று தெரியாமல் மத்தியானம் வரை சும்மா இருந்தனவாம். நம்புகிறவர்கள் நம்பலாம். வீட்டிலும் அதே விசில்தான். நின்றபடி சாப்பாடு, செருப்பு மாட்டிக்கொண்டே பேச்சு.

கல்யாணமான புதிதில், "உன்னை எங்கேயாவது தூரமாக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் வாயை விட்டிருந்தார். அந்த வாக்கு இத்தனை வருஷமும் அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இந்தக் காரையும் அவள் வேண்டாம் என்றுவிட்டால், இனி அந்தப் பேச்சை எடுக்க அவருக்கு முகம் இருக்காது.

இருவரும் ஷோரூமுக்குள் அந்த நீல நிறக் காரில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர். பக்கத்து இருக்கையில் தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடியபடி அவள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷோரூமின் கண்ணாடிச் சுவர்களில் தண்ணீர் வழிய வழிய, நின்றிருந்த கார் மெல்ல நகர்வதுபோல் இருந்தது.

டை கட்டிய விற்பனையாளர் அவள் பக்கத்து ஜன்னலில், ரயிலில் வழியனுப்ப வந்தவர் மாதிரி குனிந்து நின்றார்.

"நிக்காதும்மா. இது சாதாரணப் பழைய வண்டி இல்லை. கம்பெனியே அக்கு வேற ஆணி வேறயாப் பார்த்து சர்டிபிகேட் குடுத்த வண்டி."

"சர்டிபிகேட் வாங்கின மனுஷங்களே நடுவழியில நின்னுடறாங்க. இது பாவம், வண்டி."

"அதுக்குத்தாம்மா வாரண்டி! கொஞ்சம் மேல போட்டீங்கன்னா, ரெண்டு வருஷத்துக்கு இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி எல்லாம் எங்க தலைவலி."

"கொஞ்சமா?" என்றார் டைம்கீப்பர். "நீங்க சொன்ன தொகைக்கு இன்னொரு வண்டியே வாங்கிப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போயிடலாம் போல இருக்கே. இது நின்னா அதுல ஏறிக்கலாம்."

விற்பனையாளர் பல்லால் மட்டும் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "ஊரே இல்லாத ஒரு இடம்னு வச்சுக்குங்க. ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின மட்டும் வயல். பொழுது சாயுது. ஒத்தை மரம். அதுக்குக் கீழே வந்து நின்னுடுச்சு. போன்ல சிக்னலும் இல்லை..."

டைம்கீப்பர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். அந்த வயலில் அந்த நேரத்தில் அவரே தனியாக நிற்பதுபோல் இருந்தது. எவ்வளவு பயம் இவளுக்கு!

"சிக்னலே வேண்டாம்மா. வாரண்டி எடுத்தா வண்டிக்குள்ள ஒரு கருவி வச்சுடுவோம். நின்ன இடம் எங்களுக்குத் தானாவே தெரிஞ்சிடும்."

"தானாவேவா?" அவள் முகம் வாடியது.

"தானாவே. அரை மணிக்குள்ள ஆள் வந்து நிப்பான்."

"மழை கொட்டினா?"

"குடை பிடிச்சிட்டு வருவான்."

"ரோடே அடிச்சுட்டுப் போயிருந்தா?"

"சுத்தி வருவான்."

"சுத்தி வரவும் வழி இல்லைன்னா?"

விற்பனையாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். "படகுல வருவான்மா!"

அவள் பெருமூச்சு விட்டாள். வழியும் கண்ணாடிக்கு அப்பால், குடை பிடித்தபடி ஒருவன் படகில் துடுப்புப் போட்டு வருவதை அவள் பார்த்துவிட்டது போலத்தான் இருந்தது. டைம்கீப்பரே ஒருமுறை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

அவர் மனம் இளகிவிட்டது. பத்து பைசா செலவுக்குப் பத்து தரம் யோசிக்கிற மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்குப் பார்க்காமல் வாயைத் திறந்தார்.

"தம்பி, வாரண்டியையும் சேர்த்துப் போட்டுடுங்க. போனாப் போகுது. இவ பயமில்லாம வந்தா எனக்கு அது போதும்."

விற்பனையாளர் நிமிர்ந்தார். அவள் கண்ணைத் திறந்து, ஸ்டியரிங்கின் மேல் இருந்த அவர் கையில் தன் கையை வைத்தாள்.

"கார் எனக்குப் பிடிச்சிருக்குங்க. எடுத்துக்கலாம். வாரண்டி வேண்டாம்."

"வேண்டாமா! இவ்வளவு நேரம் வயல்ங்கறே, ஒத்தை மரம்ங்கறே, இருட்டுங்கறே... அந்த இடத்துல நிஜமாவே நின்னுட்டா என்ன பண்ணுவோம்?"

"பண்றதுக்கு ஒண்ணுமே இருக்காது, நீங்க என் பக்கத்துல உக்காந்து பேசிட்டுத்தான் இருந்தாகணும்" என்றாள் அவள். "கல்யாணமான நாள்லேருந்து எனக்கு இருக்கற ஒரே ஆசை அதுதான். அதை அரை மணியிலயே ஒருத்தன் வந்து கெடுக்கறதுக்கு, நாம காசு வேற குடுக்கணுமா?"