உள்ளேன் ஐயா

வந்தவர் உட்காரவில்லை. நேரே கரும்பலகையிடம் போய் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கிருந்து பலகை தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

தலைமையாசிரியைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மகளைச் சேர்க்க வந்த அப்பா என்று சொல்லிக்கொண்டு கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது சோதனைக்கு வந்துவிட்டார்களோ?

ஆனால் கூட வந்திருந்த அம்மா நிஜமான அம்மாவாகத்தான் தெரிந்தாள். மடியில் தடித்த ஃபைல், முகத்தில் மூன்று மாதக் கோபம். பக்கத்தில் மகள், பதினாலு வயசு, பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சாருக்கு என்ன வேலை?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தார் தலைமையாசிரியை.

"நின்னுக்கிட்டே செய்யிற வேலைங்க. சாயங்காலத்துக்குள்ள காலும் போயிடும், தொண்டையும் போயிடும்."

ஜவுளிக்கடை, சந்தேகமே இல்லை. அதற்கப்புறம்தான் தலைமையாசிரியைக்கு மூச்சு வந்தது.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. நாலு அறை உள்ள ஒரு வீட்டைப் பள்ளிக்கூடமாக்கி, நாற்பத்து மூன்று பிள்ளைகளை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒன்பதாம் வகுப்பில் பதினோரு பேர். வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டாவது ஆள் வராவிட்டால் அந்த வகுப்பையே மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. இன்றைக்கு வியாழன். அதனால் வந்தவர்களுக்கு டீ வரவழைத்துத் தாங்கு தாங்கென்று தாங்கினார்.

அம்மா ஆய்வகம் எங்கே என்று கேட்டாள். தலைமையாசிரியை அலமாரியைத் திறந்து காட்டினார். மைதானம் எங்கே என்றாள். மொட்டை மாடிதான், பந்து கீழே விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து எறிந்துவிடுவார், தங்கமான மனுஷர் என்றார்.

அம்மாவின் முகம் அசையவில்லை. வேறு வழியில்லாமல் தலைமையாசிரியை, இங்கே ஒவ்வொரு பிள்ளையும் எங்களுக்கு அத்துப்படி என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் யாரோ தும்மினார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "எட்டாம் வகுப்புக் குட்டையன். ஐஸ் தின்னிருப்பான்" என்றார். எட்டிப் பார்த்தால் குட்டையன்தான், கையில் குச்சி ஐஸோடு.

அப்பா மெதுவாக வந்து, தலைமையாசிரியைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு பிள்ளை வரலைன்னா உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பெல் அடிச்ச அஞ்சாவது நிமிஷம் வீட்டுக்கு போன் போயிடும் சார்."

"கேட்டீங்களா?" என்று அம்மா புருஷனைப் பார்த்தாள். பிறகு ஃபைலை மேஜையில் வைத்துவிட்டுக் கதையைச் சொன்னாள்.

மகளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாளாம். மாசக் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு நாள் விடாமல் வருகை. தோழி ஒருத்தி இவள் குரலிலேயே "உள்ளேன் ஐயா" சொல்லியிருக்கிறாள், வாத்தியாரும் நிமிர்ந்து பார்க்காமல் டிக் போட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? 'வகுப்பில் அமைதியாக இருந்து நன்கு கவனிக்கிறாள்' என்று கைப்பட வேறு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அறுபத்து நாலு பேருங்க," என்றார் அப்பா, டீ டம்ளரைப் பார்த்தபடி. "பேர் கூப்பிட்டு முடிக்கவே கால் மணி ஆயிடும். ஒவ்வொரு மூஞ்சியா நிமிர்ந்து பார்த்தா பாடம் எப்ப நடத்துறது? அந்த மனுஷன் பாவம்."

அம்மா முறைத்த முறைப்பில் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தலைமையாசிரியைக்குப் புரிந்துவிட்டது. அம்மா பக்கம் சாய்ந்தார். பதினெட்டு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு ஆளைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கண்ணெதிரே பெஞ்சு காலியாகக் கிடப்பது தெரியாதவருக்குச் சம்பளம் எதற்கு என்றார். அப்படிப்பட்டவர் வீட்டில் பெற்ற பிள்ளை காணாமல் போனாலும் நாலு நாள் கழித்துத்தான் தேடுவார் என்றார்.

அப்பாவின் காது மடல் சிவந்தது. மகள் மேல் இவ்வளவு பாசமா என்று தலைமையாசிரியைக்கு மனசு உருகியது.

"இன்னும் நல்லா சொல்லுங்க மேடம்," என்றாள் அம்மா. வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள். ஃபைலுக்குள்ளிருந்து பேனாவை எடுத்து, சேர்க்கைப் படிவத்தில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டாள். அப்பாவும் மறுபேச்சில்லாமல் அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டது. தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில், கேட்காமலே ஒரு உதவி செய்யக் கிளம்பினார்.

"அந்த வாத்தியார் யாருன்னு மட்டும் சொல்லுங்க. நானே நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

மகள் பின்னலை வாயிலிருந்து எடுத்தாள்.

"எங்க அப்பாதான் மேடம்."