குறைந்துகொண்டே வரும் உடையப்பன்

"போனவங்க பதினாறு நாள் வரைக்கும் வீட்டுக்குள்ளதான் நடமாடுவாங்க. அதுக்கப்புறம்..."

அதற்கப்புறம் பெரியப்பா என்ன சொல்வார் என்பது எவ்வளவு யோசித்தும் மகேந்திரனுக்கு நினைவுக்கு வரவில்லை.

இன்று பத்தொன்பதாவது நாள். காலை ஆறரைக்குக் கைப்பேசி அதிர்ந்தது.

'உடையப்பன்: 61.4 கிலோ. 400 கிராம் குறைவு. வாழ்த்துகள்!'

உடையப்பனுக்கு வாய்க்கரிசி போட்டவர்களில் மகேந்திரனும் ஒருவன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு அது. சிங்கப்பூரில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய மகேந்திரன்தான் அங்கே நூறு நாள் எடை குறைப்புப் போட்டியை ஆரம்பித்தான். இருபது வீட்டுக்கும் ஒரே மாதிரி எடை மெஷின். வீட்டுக்கு ஒருவர் பேரைப் பதிந்திருந்தான். ஏறி நின்றால் போதும். குறைந்திருந்தால் அவர் கைப்பேசி பேர் சொல்லி வாழ்த்தும். குழுவுக்கும் செய்தி போகும். குறையாவிட்டால் இரண்டும் இல்லை.

அடுத்த நிமிஷம், போட்டியில் இருந்த இன்னொரு வீட்டுப் பெட்ரீசியா கூப்பிட்டாள்.

"அண்ணே, பாத்தீங்களா? இன்னைக்கும் வந்திருச்சு!"

"மெஷின் கோளாறா இருக்கும்லா."

"கோளாறு மணி பாத்து வருமா? உசுரோட இருந்தப்ப ஒரு கிலோ இறக்க அந்த மனுஷன் என்ன பாடு பட்டாரு! இப்பப் பாருங்க, முதலிடம்."

மகேந்திரன் பட்டியலைத் திறந்து பார்த்தான். முதலிடம்தான்.

"பேய் இல்லன்னா கலாதேவி அக்காதான். பரிசா குடுக்கற ஏர் ஃபிரையருக்காக ஏறி நிக்கிறாங்க. புருஷன் போயி மூணு வாரம் ஆகல. சே! அந்தப் பேரை எடுத்து விடுங்கண்ணே."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கறேன்."

மறுநாள் ஆறரைக்கு முன்பே உடையப்பன் வீட்டுக்குப் போனான். மலைப்பக்கமிருந்து இறங்கிய பனியில் தெருவிளக்குகள் மங்கிக் கிடந்தன. கேட் பூட்டவில்லை. கதவும் ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை.

"அக்கா" என்று கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றான்.

இருட்டுக்குள்ளிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல், சிரித்துக்கொண்டே சொன்னது:

"வாழ்த்துகள், உடையப்பன்!"

அது கைப்பேசியின் குரல், தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கதவைத் தள்ளினான். மெஷின் மேல் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். கன்னம் ஒட்டி, தோளில் சட்டை தொங்கி... வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தான்.

"யாரு, மகேந்திரன் தம்பியா? வாங்க." கலாதேவி இறங்கவில்லை.

"என்னக்கா இது? போட்டிக்காக இப்படியா?"

"எந்தப் போட்டி?"

அவள் முகத்தைப் பார்த்ததும், இறந்தவன் கணக்கில் அவள் எடை குழுவுக்கு வந்துகொண்டிருப்பதே அவளுக்குத் தெரியாது என்று புரிந்தது.

"சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்பிட்டா அது பேச மாட்டேங்குது தம்பி."

"எது?"

"இதுதான்." மேசை மேலிருந்த உடையப்பனின் கைப்பேசியைக் காட்டினாள். "போன வாரம் பக்கத்து வீட்டு விமலா இட்லி கொண்டாந்துச்சு. ரெண்டே ரெண்டு தின்னேன். மறுநா ஏறி நின்னா, வாயே தொறக்கல. அன்னைக்குப் பூரா எனக்கு ஒண்ணுமே ஓடல."

"அது பேசி என்னக்கா ஆகணும்?"

கலாதேவி நழுவிய சட்டையைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கல்யாணமாகி முப்பத்தி ஒரு வருஷம். அவரு பேரை நான் சொன்னதே இல்ல. சொல்லக்கூடாதுன்னு எங்காத்தா வளத்துச்சு, பழகிப் போச்சு. ஆஸ்பத்திரில கேட்டாக்கூட அவரு பேரு போட்ட ஐசி கார்டை எடுத்து நீட்டிருவேன். பிள்ளைங்க அப்பான்னுங்க. அதுங்களும் வேலைக்குன்னு கேஎல் போயிருச்சு. வர்றவங்க எல்லாம் அவரு, இவரு, போனவருன்னுதான் பேசறாங்க. இந்த வீட்டுல அவரு பேரைச் சொல்றதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

மகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். குழுவுக்கு அவன் அனுப்பிய இரங்கல் செய்தியே 'நம் நண்பர் காலமானார்' என்றுதான் இருந்தது.

"தம்பி, நீங்கதானே இதுல எல்லாம் வச்சுக் குடுத்தீங்க?" கலாதேவி மெஷினில் ஒளிர்ந்த எண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "அறுபதுக்குக் கீழ போனாலும் பேசும்ல?"

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. பெட்ரீசியா. 'அண்ணே, எடுத்தாச்சா?'

அவன் கலாதேவியைக் கைபிடித்து இறக்கிவிட்டு, மெஷினைத் தூக்கித் தன் காருக்குள் வைத்தான். பிறகு கேட்டருகே நின்றபடியே குழுவுக்கு ஒரு பட்டியல் அனுப்பினான்: நாளையிலிருந்து தினம் காலை, முறைக்கு ஒருவர், பசியாறக் கையோடு எதையாவது எடுத்துக்கொண்டு போய், அந்த வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி "உடையப்பன் வீட்டுல யாரு?" என்று கூப்பிட வேண்டும். முதல் நாள், பெட்ரீசியா.